கூடார வாசலில் நின்ற ஐந்து சகோதரிகள்



ஒரு ஞாயிறு மாலை தின்கன்ஜூனில் எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தைத் தியானித்தோம். செலொப்பியாத் வனாந்தரத்தில் இறந்துபோனான். அவனுக்குக் குமாரர் இல்லை, ஐந்து குமாரத்திகள் மட்டுமே. அவர்கள் ஆசரிப்புக் கூடார வாசலுக்கு வந்து, மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை அனைத்துக்கும் முன்பாக நின்று, தகப்பனுடைய சுதந்தரத்தில் தங்களுக்குப் பங்கு கேட்டார்கள்.

பாடம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா எங்களில் ஒருவரிடம் மெல்லக் கேட்டார்கள்.

"தம்பி, அந்தப் பிள்ளைங்களுக்குப் போய் நிக்க ஒரு கூடார வாசல் இருந்துச்சு. எங்க அப்பா போய் நாலு வருஷம் ஆகுது. வீடு அண்ணன் பேருக்கு மாறப்போகுதுன்னு சொல்றாங்க. நான் எந்த வாசல்ல போய் நிக்கணும்?"

"எனக்குத் தெரியலையேக்கா" என்பதைத் தவிர எங்களிடம் பதில் இல்லை. சுற்றியிருந்த பெரியவர்கள் மட்டும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "பொம்பளைப் பிள்ளைக்குத்தான் கல்யாணத்துக்குச் சீர் செஞ்சாச்சே, பங்கு எதுக்கு?" என்றார் ஒருவர். "இந்த நாட்டிலே உயிலே எழுத முடியாதும்மா" என்றார் இன்னொருவர்.

இரண்டுமே நம் குடும்பங்களுக்குப் பொருந்தாத பேச்சு என்பது பிறகுதான் தெரிந்தது. சட்டம் எங்கே பிறக்கிறது, வழக்கு எந்தப் படியில் தொடங்கி எதுவரை ஏறுகிறது, நம்மை எந்தச் சட்டம் ஆளுகிறது என்று படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம். அரசியல் பேசுவது எங்கள் நோக்கமல்ல. வீட்டு விஷயத்தை வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

சட்டம் பிறக்கும் இடம்

நாட்டின் எல்லாச் சட்டங்களுக்கும் மேலாக இருப்பது அரசியலமைப்பு. நமது நாட்டில் 1947, 1974, 2008 என்று மூன்று அரசியலமைப்புகள் எழுதப்பட்டன. 2008-இன்படி நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவைகள் உண்டு. பியித்து ஹ்லுத்தோ என்ற மக்களவையில் 440 இடங்கள். அமியோதா ஹ்லுத்தோ என்ற தேசிய இன அவையில் 224 இடங்கள். இரண்டும் சேர்ந்து அமர்ந்தால் அது பியிடவுங்சு ஹ்லுத்தோ, அதாவது ஒன்றியப் பேரவை.

மக்களவைக்கு டவுன்ஷிப்புக்கு ஒருவர் என்பது ஏற்பாடு. ஆகவே தின்கன்ஜூனுக்கும் ஓர் இடம் உண்டு. யாங்கோன் வட்டாரத்துக்கென்று தனி ஹ்லுத்தோவும் இருக்கிறது. அதில் ஒவ்வொரு டவுன்ஷிப்புக்கும் இரண்டு இடங்கள். நாட்டிலுள்ள 14 மாநிலங்களுக்கும் வட்டாரங்களுக்கும் இப்படியே.

ஒரு சட்டம் பிறப்பது இவ்வாறு. முதலில் அது மசோதாவாக ஓர் அவைக்கு வரும். குழுவில் அலசி, அவையில் விவாதித்து, வாக்கெடுத்து நிறைவேற்றி, அடுத்த அவைக்கு அனுப்புவார்கள். இரண்டு அவைகளும் ஒத்துக்கொண்டால் நிறைவேறியது. ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டும் கூடி அமர்ந்து முடிவு செய்யும். பின்பு அது குடியரசுத் தலைவரிடம் போகும். அவர் 14 நாட்களுக்குள் கையெழுத்திடலாம், அல்லது தம் கருத்துகளோடு திருப்பி அனுப்பலாம். பேரவை அந்தக் கருத்துகளை ஏற்றோ ஏற்காமலோ மறுபடி அனுப்பினால், அவர் 7 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். இடாவிட்டாலும் கெடு முடிந்ததும் அது சட்டமாகிவிடும். இது காகிதத்தில் உள்ள முறை.

அரசியலமைப்பைத் திருத்துவது இதைவிட மிகக் கடினம். முக்கியமான பிரிவுகளுக்கு மொத்த உறுப்பினர்களில் 75 சதவீதத்துக்கு மேல் வாக்கு வேண்டும், அதற்கும் மேல் பொதுவாக்கெடுப்பும் நடக்க வேண்டும். இரு அவைகளிலும் காற்பங்கு இடங்கள் இராணுவத்துக்கு ஒதுக்கப்பட்டவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 664. தேர்தலில் வருகிறவர்கள் 330-உம் 168-உம் சேர்ந்து 498. அது சரியாக 75 சதவீதம். ஒருவர்கூட விலகாமல் அத்தனை பேரும் சேர்ந்தாலும் இன்னும் ஒரு வாக்கு தேவைப்படும்.

2021 பிப்ரவரி 1-க்குப் பிறகு பல ஆண்டுகள் அந்த அவைகள் கூடவே இல்லை. ஆணைகளாகப் பிறப்பிக்கப்பட்டவையே சட்டமாக நடந்தன. அதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் நம் வீட்டுச் சொத்தைப் பங்கிடும் சட்டம் இந்த எந்த அவையிலும் பிறந்ததல்ல. அது மிகவும் பழையது.

நம் தாத்தாக்கள் காலத்துச் சட்டம்

1937 ஏப்ரல் 1 வரைக்கும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். இந்தியாவில் இயற்றிய சட்டங்கள் ரங்கூனிலும் நடந்தன. பிரிந்த பிறகும் அவை ஒழிந்துபோகவில்லை. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆகியவை பர்மாவின் சட்டங்களாகவே தொடர்ந்தன. ஏமாற்றுக்காரனைத் தமிழ்நாட்டில் 'நானூற்றிருபது' என்பார்கள் அல்லவா? அந்த 420-ஆம் பிரிவு இங்கேயும் மோசடிக்கு உரிய பிரிவுதான். 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் அந்தச் சட்டத்துக்குப் பதில் புதியது வந்துவிட்டது. பெற்ற வீடு மாற்றிக்கொண்டதை நம் நாடு இன்னும் வைத்திருக்கிறது.

பிரிந்தபின் ரங்கூனில் கூடிய கீழவையில் 132 இடங்கள் இருந்தன. அதில் இந்தியருக்கு 8, இந்தியத் தொழிலாளருக்கு 2, நாட்டுக்கோட்டைச் செட்டியார் சங்கத்துக்கு 1 என்று ஒதுக்கியிருந்தார்கள். வயலிலும் துறைமுகத்திலும் உழைத்த நம் முன்னோர் பலருக்கு அந்த அவை தொலைவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அங்கே தமிழர் குரலுக்கு ஓர் இருக்கை இருந்தது என்பதை இன்றைய வாலிபர் அறிவது நல்லது.

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். திருமணம், வாரிசுரிமை போன்ற காரியங்களில் யாருக்கு எந்தச் சட்டம் என்று 1898-ஆம் ஆண்டின் பர்மா சட்டங்கள் சட்டம், 13-ஆம் பிரிவில் சொல்கிறது. பௌத்தருக்குப் பௌத்த வழக்காற்றுச் சட்டம், இஸ்லாமியருக்கு இஸ்லாமியச் சட்டம், இந்துக்களுக்கு இந்துச் சட்டம். கிறிஸ்தவர்களாகிய நமக்கு 1925-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம். நூறு ஆண்டுக்கு முன் இந்தியாவில் இயற்றிய அந்தச் சட்டம்தான் தின்கன்ஜூனில் ஒரு கிறிஸ்தவத் தகப்பன் இறந்தால் எடுத்துப் பார்க்க வேண்டியது.

அது என்ன சொல்கிறது? ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. மகன், மகள் என்ற பேதம் அதில் இல்லை. சீர் செய்து கட்டிக்கொடுத்த மகளுக்கும் பங்கு உண்டு.

உயில் எழுத முடியாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? மியன்மார் பௌத்த வழக்காற்றுச் சட்டத்தில் உயில் செல்லாது. பக்கத்து வீட்டார் சொல்வது அவர்களுக்குச் சரி, நமக்கு அல்ல. கிறிஸ்தவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தை உயிலால் எழுதிவைக்கலாம். குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். உயிலில் பங்கு பெறுகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் அவருக்கு எழுதியதுதான் செல்லாமல் போகும்.

ஒன்றை மறக்கக் கூடாது. தகப்பனுக்கு எந்த உரிமை இருந்ததோ அதுதான் பிள்ளைகளுக்கு வரும். மனைக்குக் கிராண்ட் பத்திரம் உண்டா, அது யார் பேரில், கெடு என்றைக்கு என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வழக்கு ஏறும் படிகள்

நீதிமன்றங்கள் ஏன் படிப்படியாக இருக்கின்றன? யாத்திராகமம் 18-ஐ எடுத்துப் பாருங்கள். காலைமுதல் மாலைவரை மோசே தனியாக உட்கார்ந்து நியாயம் விசாரிக்கிறார். மாமனார் எத்திரோ அதைக் கண்டு, இப்படியே போனால் நீரும் ஜனமும் தளர்ந்துபோவீர்கள் என்று எச்சரித்து ஆலோசனை சொல்கிறார். பத்துப் பேருக்கு, ஐம்பது பேருக்கு, நூறு பேருக்கு, ஆயிரம் பேருக்கு என்று அதிபதிகளை வைக்கலாம். சிறிய காரியம் கீழேயே தீரட்டும், பெரியது மேலே வரட்டும். இன்றைய நீதிமன்றப் படிகளும் இதே யோசனைதான்.

நமது நாட்டில் கீழ்ப்படி டவுன்ஷிப் நீதிமன்றம். அதன் மேல் மாவட்ட நீதிமன்றம். அதன் மேல் மாநிலத்துக்கோ வட்டாரத்துக்கோ ஓர் உயர் நீதிமன்றம், ஆக நாடு முழுவதும் 14. எல்லாவற்றுக்கும் மேலே நேப்பிடோவில் ஒன்றிய உச்ச நீதிமன்றம். அங்கே தலைமை நீதிபதி உட்பட 7 முதல் 11 நீதிபதிகள் இருக்கலாம். இந்த ஏணியில் சேராத இரண்டு உண்டு. ஒன்று, இராணுவத்தினருக்கான இராணுவ நீதிமன்றம். மற்றது, அரசியலமைப்புக்குப் பொருள் சொல்லும் 9 பேர் கொண்ட அரசியலமைப்புத் தீர்ப்பாயம்.

பன்சோடான் தெருவில் மகாபந்துலா பூங்காவை ஒட்டி, மணிக்கூண்டோடு சிவப்புச் செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறதே, அது 1911-இல் கட்டி முடித்தது. 1922-இல் ரங்கூன் உயர் நீதிமன்றம் ஏற்பட்டது. அந்தக் காலத்தில் இங்கே தோற்றவர் லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் வரை போகலாம். கப்பல் ஏறிப் போக வேண்டிய படி அது!

மேல் நீதிமன்றத்துக்குப் போவதை மேல்முறையீடு என்கிறோம். நம் தமிழ் வேதத்தில் அதற்கு ஓர் அழகான சொல் இருக்கிறது: அபயமிடுதல். அப்போஸ்தலருடைய நடபடிகள் 25-இல் பவுல் பெஸ்துவின் முன்னே நின்று இராயனுக்கு அபயமிடுகிறார். அவர் ரோம குடியுரிமை உள்ளவர், அந்த உரிமை தமக்கு உண்டென்று அறிந்தவர். அறியாதிருந்தால் எருசலேமுக்குத் திரும்ப அனுப்பப்பட்டிருப்பார். அங்கே வழியிலேயே அவரைக் கொல்லக் காத்திருந்தார்கள். ரோமாபுரியில் சாட்சி சொல்லப் பவுலைக் கொண்டுபோன வழி ஒரு மேல்முறையீடுதான்.

ஆனால் அபயமிடக் காலம் உண்டு. மேல்முறையீட்டுக்கும் வழக்குத் தொடுக்கவும் சட்டம் கெடு வைத்திருக்கிறது. அது தாண்டினால் நியாயம் நம் பக்கம் இருந்தாலும் கதவு சாத்திவிடும். "பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்" என்று வருஷங்களை ஓட்டுவது நம் வீடுகளில் பழக்கம். அந்தப் பழக்கத்தால் இழந்தவர்கள் உண்டு.

ஒரே சட்டம், மூன்று படிகள்

சட்டமும் நீதிமன்றப் படிகளும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு, நம்மை ஆளும் அதே 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியே இந்தியாவில் ஒரு வழக்கு நடந்தது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1916 முதல் கிறிஸ்தவர்களுக்கென்று தனி வாரிசுரிமைச் சட்டம் இருந்தது. உயில் இல்லாவிட்டால் மகளுக்கு, மகன் பங்கில் காற்பங்கு அல்லது ஐந்தாயிரம் ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான். சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. விதவைக்கு மறுமணமோ மரணமோ வரும்வரைதான் உரிமை. 1951-இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருவிதாங்கூர்-கொச்சிக்கும் நீட்டியது. அப்படியானால் பழைய சட்டம் போய்விட்டதா, இல்லையா? இதைத் தெளிவாகச் சொல்வார் இல்லை. குடும்பங்கள் பழைய வழியிலேயே பங்கிட்டன.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. ஆகையால் இந்தக் கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. 1970-களில் அங்கே ஒரு தனி நீதிபதி, பழைய சட்டம் ஒழிந்தது என்றார். பின்பு இரு நீதிபதிகள் அமர்வு, இல்லை, அது இன்னும் உயிரோடிருக்கிறது என்றது. தனி நீதிபதியின் தீர்ப்பைவிட அமர்வின் தீர்ப்பு மேலானது. ஆகவே தமிழ்க் கிறிஸ்தவ மகள்கள் மறுபடியும் தோற்றார்கள்.

கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திவந்த மேரி ராய் என்ற ஆசிரியையின் தகப்பனார் உயில் எழுதாமல் இறந்திருந்தார். மேரி ராயும் வேறு சில பெண்களும் நேரே இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அடிப்படை உரிமை மறுக்கப்பட்டால் நேரே மேற்படிக்குப் போக அந்நாட்டு அரசியலமைப்பு இடம் கொடுக்கிறது. 1986 பிப்ரவரியில் தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி பதக்கும் தீர்ப்பளித்தார்கள்: 1951-லேயே பழைய சட்டம் ஒழிந்துவிட்டது, மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. சென்னை அமர்வின் கருத்து அத்தோடு விழுந்தது.

கவனியுங்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த உரிமை சட்டத்திலேயே இருந்தது. ஒருவர் போய் நின்று கேட்கும்வரை அது வெளியே வரவில்லை. தீர்ப்பு வந்தபோது சில சபைகளிலேயே எதிர்ப்பு எழுந்தது என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

சகோதரன்மேல் வழக்கா?

இதை எழுதும்போது எங்களுக்குள்ளேயே விவாதம் வந்தது. சகோதரனோடு சகோதரன் வழக்காடுவதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 6-ஆம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். ஆஸ்தியைப் பங்கிடச் சொல்லி ஆண்டவரிடம் கேட்டு வந்தவனுக்குப் பொருளாசையைக் குறித்த எச்சரிக்கைதான் கிடைத்தது. பிறகு ஏன் வாரிசுச் சட்டம் படிக்க வேண்டும்?

நாங்கள் கண்ட பதில் இது. பொருளாசையைக் குறித்த எச்சரிக்கை பங்கு கேட்கிற தங்கைக்கு மட்டும் அல்ல, பங்கு கொடுக்காத அண்ணனுக்கும்தான். "கோர்ட்டுக்குப் போகாதே, நாம் கிறிஸ்தவர்கள்" என்று தங்கையிடம் சொல்லுகிறவர், அதே மூச்சில் "அவள் பங்கைக் கொடுத்துவிடு" என்று அண்ணனிடமும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொல்லப்படும் சமாதானம் சமாதானம் அல்ல. எல்லோருக்கும் சட்டம் தெரிந்திருந்தால், பெரும்பாலான காரியம் சாப்பாட்டு மேசையிலேயே தீர்ந்துவிடும். தெரியாத இடத்தில்தான் சந்தேகம் வளர்ந்து, வழக்காகி, அண்ணன் தங்கை ஒரே பந்தியில் உட்காராத நிலை வருகிறது.

ஆகவே இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் வாலிபர் செய்யக்கூடிய மூன்று காரியங்கள். வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று பெற்றோரிடம் மரியாதையோடு கேளுங்கள். ஞானஸ்நானச் சான்று, திருமணப் பதிவு, குடும்பப் பட்டியல் ஆகியவற்றில் பெயர்கள் ஒன்றுபோல் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்ப் பெயர், பர்மியப் பெயர் என்று இரண்டு வைத்திருக்கும் நம் வீடுகளில் இதுவே பெரிய சிக்கல். மூன்றாவதாக, சிக்கல் உள்ள வீட்டார் கெடு தாண்டும்முன் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். நாங்கள் எழுதியது பாதையைக் காட்டுவதற்கே. ஒவ்வொரு வீட்டின் கதையும் வேறு.

அக்காவிடம் இவற்றைச் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "முதல்ல அண்ணன்கிட்டதான் பேசப்போறேன் தம்பி. ஆனா இனிமே பிச்சை கேக்கிற மாதிரி கேக்க மாட்டேன்" என்றார்கள்.

செலொப்பியாத்தின் குமாரத்திகளின் கதை எண்ணாகமத்தோடு முடியவில்லை. மோசே அவர்கள் நியாயத்தைக் கர்த்தரிடத்தில் கொண்டுபோனார், அவர்கள் கேட்டது சரி என்ற பதில் வந்தது, அது இஸ்ரவேலருக்கெல்லாம் பிரமாணமாயிற்று. 36-ஆம் அதிகாரத்தில் கோத்திரத் தலைவர்கள் ஒரு சிக்கலைச் சொல்ல, அதற்கொரு திருத்தமும் வந்தது. பின்பு மோசே மரித்தார். யோசுவாவின் புத்தகம் 17-ஆம் அதிகாரத்தில் தேசத்தைப் பங்கிடுகிற நாள் வந்தது. பிரமாணம் ஏற்கெனவே இருந்தும், அந்த ஐந்து சகோதரிகள் மறுபடியும் ஒருமுறை வந்து, தங்களுக்குச் சொல்லப்பட்டதை நினைப்பூட்ட வேண்டியிருந்தது.

வந்தார்கள். கேட்டார்கள். பங்கு கிடைத்தது.